பூக்கள் உள்ளே இருக்கின்றன

ஸ்பெயின் நாட்டின் கோர்தோபா நகரில் மே மாதம் வீட்டு முற்றங்கள் ஊருக்குத் திறக்கின்றன. அவற்றைக் காப்பாற்றிய திருவிழாவே இன்று அவற்றுக்குச் சுமையாகவும் ஆகியிருக்கிறது.

கோர்தோபாவில் பூக்களைத் தேடிப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது வெள்ளைச் சுவர். ஸான் பஸீலியோ பேட்டையில் கார் ஒன்று நுழைந்தால் நடப்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு அகலம்தான் தெரு. இருபுறமும் சுண்ணாம்பு அடித்த வீடுகள். கம்பி போட்ட ஜன்னல்கள். மே மாத வெயில் சுவரில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. தபால் அட்டைகளில் பார்த்த பூக்கள் எங்கே என்று கேட்கத் தோன்றும்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருட்டான ஒரு ரேழி. அதன் முடிவில் இரும்புக் கம்பிக் கதவு. அதையும் தாண்டினால் தலைக்கு மேல் ஆகாயம், நான்கு பக்கமும் தரையிலிருந்து ஓட்டுத் தாழ்வாரம் வரை பூத்தொட்டிகள். வெளியே இருந்த வெப்பம் ரேழியோடு நின்றுவிடுகிறது.

தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் பூக்கும் வீடுகள் இவை. ஆண்டு முழுவதும் அந்த வீட்டாருக்கு மட்டுமே உரிய இந்த இடங்கள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் மட்டும் எல்லோருக்கும் திறக்கின்றன. சுமார் ஐம்பது வீடுகள் நகராட்சி நடத்தும் போட்டியில் கலந்துகொள்கின்றன. பழங்காலக் கட்டடம், நவீனக் கட்டடம் என்று இரண்டு பிரிவுகள். காலையில் 11 முதல் 2 வரை, மாலையில் 6 முதல் 10 வரை என்பது வழக்கமான நேரம். நடுவில் உள்ள நான்கு மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். ஸ்பெயினில் அதில் யாரும் கை வைப்பதில்லை. போட்டி முற்றங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஸ்பானிஷ் மொழியில் இதற்கு 'பாத்தியோ' என்று பெயர். மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சொல் அதிகத் தொல்லை தராது. தமிழில் முன்றில் உண்டு, முற்றம் உண்டு. முன்றில் வீட்டுக்கு முன்னால், ஊர் பார்க்க இருப்பது. கோர்தோபாவின் பாத்தியோ அதுவல்ல. வீட்டின் நடுவே, மழையும் வெயிலும் விழ, எல்லா அறைகளும் அதைப் பார்த்துத் திரும்பியிருக்கும் இடம். எனவே முற்றம்தான். செட்டிநாட்டிலோ தஞ்சை மாவட்டத்திலோ பழைய வீட்டில் வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒரே வித்தியாசம், நம் முற்றத்தில் நெல்லும் வடகமும் காயும். பூச்செடிகள் கொல்லைப்புறத்தில் இருக்கும். இங்கே செடிகள் சுவரேறியிருக்கின்றன.

ஸான் பஸீலியோவில் நான் நுழைந்த மூன்றாவது வீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தேன். பெரிய முற்றம் அல்ல. இரண்டு கட்டில்கள் போட்டால் நடக்க இடம் இருக்காது. தரையில் ஆற்றுக் கூழாங்கற்களை நெருக்கமாகப் பதித்துக் கறுப்பிலும் வெள்ளையிலும் கோலம் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு கிணறு, கப்பியும் கயிறும் அப்படியே. மாடிக்குப் போகும் படிகளின் விளிம்பு முழுவதும் தொட்டிகள். சுவரில் இரும்பு வளையங்களில் மாட்டியவை வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே நீலத்தில். பெரும்பாலும் ஜெரேனியம். அதில் கொடி போலத் தொங்கும் ஒரு வகையை இங்கே 'ஹிதானில்யா' என்கிறார்கள். சின்ன ஜிப்ஸிப் பெண் என்று பொருள். சிவப்பிலிருந்து வெளிர் ஊதா வரை அதில் எத்தனையோ நிறம். இடையே கார்னேஷன், பெட்டூனியா, ஒரு மூலையில் காகிதப்பூ. கதவோரம் மல்லிகை. இருட்டிய பிறகு மணக்கும் இரவு ராணியும் உண்டு. அதற்கு இங்கே 'இரவின் சீமாட்டி' என்று பெயர்.

இந்த அழகை நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் நின்றால்தான் இதில் உள்ள வேலை தெரியும். தலைக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது? நீண்ட நாணல் கழி ஒன்றின் நுனியில் தகர டப்பா கட்டியிருக்கிறது. அதைத் தண்ணீரில் முக்கி, நிறைந்ததும் மெல்லத் தூக்கி, சரியான தொட்டிக்கு மேல் கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும். சாய்க்கும்போது கை நடுங்கினால் தண்ணீர் தலையில். நூற்றுக்கணக்கான தொட்டிகள் உள்ள வீட்டில் இது தினசரிப் பணி. கோடையில் ஒருவேளை போதாது. ரப்பர் குழாயின் முனையில் கம்பு கட்டிக்கொண்டவர்கள் இப்போது இருக்கிறார்கள். ஆனாலும் தகர டப்பா ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் எவ்வளவு தண்ணீர் என்பதை அது அளந்து கொடுக்கும், குழாய்க்கு அந்த நிதானம் வராது என்பது வயதானவர்களின் வாதம்.

இந்த வேலையைச் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நகரின் 'புவேர்தா தெல் ரின்கோன்' என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஹோஸே மனுவேல் பெல்மோன்தே என்ற சிற்பி செய்தது. கழியை உயர்த்திப் பிடித்து, சுவரிலுள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு பெண். உடையில் ஆடம்பரம் இல்லை. அரசர்களும் தத்துவ ஞானிகளும் சிலையாக நிற்கும் ஊரில், வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்த மரியாதை கிடைத்தது நல்ல விஷயம்.

மே மாதத்தின் இரண்டு வாரங்களுக்கு முன்னால் ஐம்பது வாரங்கள் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் ஜெரேனியத்தின் தண்டுகளை வெட்டிப் பதியம் போட வேண்டும். குளிர் காலத்தில் உறைபனி தாக்காமல் அவற்றைக் காக்க வேண்டும். குளிர் முடிந்ததும் கவாத்து, உரம், மண் மாற்றம். ஆண்டுதோறும் சுவருக்குச் சுண்ணாம்பு, தொட்டிகளுக்கு வர்ணம். இதற்கிடையே ஒரு சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சி. தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1980களின் இறுதிவாக்கில் ஸ்பெயினின் மல்யோர்க்கா தீவுக்கு வந்து அங்கிருந்து பரவியது. இதன் புழுக்கள் ஜெரேனியத்தின் தண்டைத் துளைத்து உள்ளேயிருந்து தின்றுவிடுகின்றன. செடி திடீரென்று கறுத்துத் தலை சாயும்போதுதான் வீட்டாருக்குத் தெரியும்.

வண்ணத்துப்பூச்சி தன் சொந்த ஊர்ச் செடியைத்தான் தேடி வந்திருக்கிறது. ஏனெனில் இந்த ஜெரேனியமும் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடலோடி பூகேன்வில் 1760களில் மேற்கொண்ட பயணத்தின்போது பிரேஸிலில் அதைக் கண்டு குறித்துக்கொண்டார்கள். பெட்டூனியாவும் தென் அமெரிக்கா. இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் கோர்தோபா முற்றங்களைக் காட்டி, இவை அரபு ஆட்சியின் சொத்து, ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. கலீபாக்கள் காலத்துக் கோர்தோபாக்காரர் ஒருவர் எழுந்து வந்தால் முற்றத்தை அடையாளம் கண்டுகொள்வார். சுவரில் பூத்திருப்பவற்றுள் பலவற்றை அவருக்குத் தெரியாது.

முற்றம் அரபுகளுக்கும் முந்தையது. ரோமானியர் காலத்தில் இந்த நகரம் 'கோர்துபா' என்ற பெயரில் பெத்திகா மாகாணத்தின் தலைநகராக இருந்தது. ரோமானிய வீடுகளும் நடுவில் திறந்த வெளியை வைத்து அதைச் சுற்றி அறைகளை அமைத்தவை. 711இல் முஸ்லிம் படைகள் வந்தன. கி.பி. 929இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னைக் கலீபாவாக அறிவித்துக்கொண்டார். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய நகரமாகக் கோர்தோபா விளங்கியது அந்த நூற்றாண்டில்தான். அரபு வீடுகள் முற்றத்துக்குக் கொடுத்தவை தண்ணீரும் மறைவும். தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் ரேழி. அதற்கான ஸ்பானிஷ் சொல்லான 'ஸகுவான்' அரபியிலிருந்து வந்தது. நகரை ஒட்டி ஓடும் குவாதல்கிவீர் ஆற்றின் பெயரும் அரபிதான். 'வாதி அல் கபீர்', அதாவது பெரிய ஆறு.

இந்தச் சொற்கள் போய்ச் சேரும் இடம் சில சமயம் வியப்பூட்டும். நகரின் நடுநாயகமான பெரிய மசூதி 785இல் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியது. இன்றும் அதில் 856 தூண்கள் நிற்கின்றன. 1236இல் காஸ்தீல் மன்னர் மூன்றாம் ஃபெர்னாந்தோ நகரைப் பிடித்தபின் அது தேவாலயமாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே ஒரு கதீட்ரலைச் செருகினார்கள். அதன் வாசல் முற்றத்துக்குப் பெயர் 'நாரன்ஹா' மரங்களின் முற்றம். வரிசையாக மரங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகக் கல் வாய்க்கால். நாரன்ஹா என்றால் ஆரஞ்சு. அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங்க், சமஸ்கிருதத்தில் நாரங்கம். அதற்கும் பின்னால் போனால் திராவிட மொழிகளில்தான் வேர் இருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் முடிவு. நம் நாரத்தையின் உறவு. கோர்தோபாவின் தெருவெங்கும் நிற்பதும் தின்ன முடியாத கசப்பு வகைதான். காலை எட்டு மணிக்கு, கூட்டம் வருமுன், அந்த முற்றத்தில் நின்றபோது, கதீட்ரலின் சிற்பங்களைவிட இந்தச் சொல்லின் பயணம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ஆனால் இன்று மே மாதத்தில் திறக்கும் முற்றங்கள் கலீபாக்களிடமிருந்து நேராக வந்தவை அல்ல. அவற்றுக்கு இன்றைய முகத்தைக் கொடுத்தது வறுமை. சுற்றுலாப் பிரசுரங்கள் அதிகம் பேசாத பகுதி இதுதான். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிராமத்தில் பிழைக்க வழியில்லாதவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். கைவிடப்பட்ட பழைய மாளிகைகளும் பெரிய வீடுகளும் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. இப்படிப்பட்ட வீட்டை ஸ்பானிஷில் 'அண்டைவீட்டாரின் வீடு' என்கிறார்கள். தமிழில் ஒரே சொல்லில் சொல்லலாம். ஒண்டுக்குடித்தனம். மும்பைத் தமிழர்களுக்கு 'சால்' என்றால் புரியும்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, வசதி இருந்தால் இரண்டு. சமையலறை பொது. கழிப்பறை பொது. கிணறும் துணி துவைக்கும் கல் தொட்டியும் பொது. இவையெல்லாம் இருந்த இடம் முற்றம். குழந்தைகள் விளையாடியதும் அங்கே, கோடையில் இரவு உறங்கியதும் அங்கே, ஞானஸ்நானமும் கல்யாண விருந்தும் அங்கே. சண்டையும் அங்கேதான். தண்ணீருக்கும் கொடிக்கயிற்றுக்கும் வரிசை இருக்கும் இடத்தில் சண்டை இல்லாமல் எப்படி இருக்கும்? இந்தப் பெண்கள்தான் எண்ணெய் டின்னிலும் உடைந்த பானையிலும் செடி வைத்தார்கள். தரையில் இடமில்லாததால் சுவரில் தொங்கவிட்டார்கள். ஜெரேனியம் ஏழைகளின் செடி. ஒரு தண்டை ஒடித்து அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்தால் அது வேர் பிடித்துக்கொள்ளும், காசு தேவையில்லை. பூக்களுக்குப் பின்னால் அழகுணர்ச்சி மட்டுமல்ல, தேவையும் இருந்தது. சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். இலைகளும் நனைத்த கூழாங்கற்களும் காற்றைக் குளிர்விக்கும். இரவில் இறங்கும் குளிர்ந்த காற்று கிணறு போன்ற முற்றத்தில் தங்கிப் பகல்வரை இருக்கும். உச்சி வெயிலில் தெருவுக்கும் முற்றத்துக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். மின்விசிறி வாங்க வசதியில்லாதவர்கள் கண்ட குளிர்சாதனம் இது.

1921இல் நகராட்சி முதன்முதலாக முற்றப் போட்டி நடத்தியது. அது தொடர்ந்து நடக்கவில்லை. 1933இல் மீண்டும் நடந்தது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1944இல் மறுபடி ஆரம்பித்த போட்டிதான் இன்றைய திருவிழாவாக வளர்ந்தது. இதற்குள் அடுத்த நெருக்கடி வந்துவிட்டது. 1960களில் நகரின் விளிம்பில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, குழாயைத் திருகினால் தண்ணீர். ஒண்டுக்குடித்தனக்காரர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்துக் குடும்பங்களோடு ஒரு கழிப்பறையைப் பகிர்ந்துகொள்வதில் எந்தக் கவிதையும் இல்லை. பல முற்றங்கள் பாழாயின, பல இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பாற்ற 1974இல் 'கோர்தோபா முற்றங்களின் நண்பர்கள்' என்ற சங்கம் உருவாயிற்று. ஸான் பஸீலியோ தெருவில் ஒரு பழைய முற்ற வீட்டில்தான் அது இயங்குகிறது. போட்டியும் பரிசும், பின்னால் சுற்றுலாவும் இல்லாமலிருந்தால் இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

2012 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தத் திருவிழாவை மனித குலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மசூதியும் பழைய நகரமும் ஏற்கெனவே, 1984இலும் 1994இலும், உலகப் பாரம்பரியச் சின்னங்களாகியிருந்தன. ஆனால் அவை கட்டடங்கள். 2012இல் அங்கீகாரம் பெற்றது கல்லும் காரையும் அல்ல. கதவைத் திறந்து அந்நியரை உள்ளே விடும் பழக்கம், அண்டை வீட்டார் கூடிப் பாடிப் பகிர்ந்து உண்ணும் முறை, தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ளும் செடி வளர்ப்பு, இவைதான். அதாவது மனிதர்கள்.

சிக்கலும் அங்கேதான். பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் பெருகியது. சனி ஞாயிறுகளில் ஸான் பஸீலியோவின் வரிசை தெருமுனையைத் தாண்டுகிறது. வாசலில் ஓர் ஊழியர் நின்று எண்ணி எண்ணி உள்ளே விடுகிறார். உள்ளே போனால் எல்லோர் கையிலும் கைபேசி. வலது பக்கமாகச் சுற்றி இடது பக்கமாக வெளியே. வீட்டுக்கார அம்மாளிடம் ஒரு வார்த்தை பேச ஆசைப்பட்டாலும் பின்னாலிருப்பவர் தள்ளுகிறார். அந்த அம்மாளுக்கோ இரண்டு வாரமும் சொந்த வீட்டில் சமைக்கவோ உட்காரவோ நிம்மதியில்லை. பங்கேற்கும் வீடுகளுக்கு நகராட்சி ஒரு தொகை கொடுக்கிறது, பரிசுப் பணமும் உண்டு. செடிகளுக்கும் உரத்துக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவையும், ஐம்பது வார உழைப்பையும் கணக்குப் பார்த்தால் இது பணத்துக்காகச் செய்யும் காரியம் அல்ல என்பது விளங்கும்.

முற்றங்களைப் பராமரிப்பவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. கழியைத் தூக்கும் கைகளுக்கு மூட்டு வலி. பிள்ளைகள் மாட்ரிடில், பார்ஸிலோனாவில். பராமரிப்பவர் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரரும் அல்லர். தலைமுறையாக வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு வீடு கைமாறினால், வாங்குபவருக்கு எது லாபம் என்பதில் ரகசியம் ஏதுமில்லை. அறைகளைப் புதுப்பித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவுக் கணக்கில் விடலாம். மசூதியைச் சுற்றியுள்ள பழைய யூதர் பேட்டையில் இந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நினைவுப் பொருள் கடை, உணவகம், தங்கும் அறை, மறுபடி நினைவுப் பொருள் கடை. ரொட்டிக் கடையைத் தேட வேண்டியிருக்கிறது. முற்றத்தின் பெயரால் வரும் பயணி, அந்த முற்றத்தில் வாழ வேண்டியவரின் வீட்டில் தங்குகிறார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நானும் பழைய நகரில் அப்படி ஓர் அறையில்தான் தங்கினேன். சுவரில் ஆறு தொட்டிகள் இருந்தன. தானியங்கிக் குழாய் அவற்றுக்குத் தண்ணீர் சொட்டியது. செடிகள் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பற்றிப் பேச மட்டும் அங்கே ஆளில்லை.

வானிலையும் கை கொடுக்கவில்லை. ஐரோப்பாவின் வெப்பமான நகரங்களில் கோர்தோபாவும் ஒன்று. 2021 ஆகஸ்ட் 14 அன்று இதே மாகாணத்தின் லா ராம்ப்லா என்ற ஊரில் 47.6 டிகிரி செல்ஷியஸ் பதிவானது ஸ்பெயினின் சாதனை. 2023 ஏப்ரல் 27 அன்று கோர்தோபா விமான நிலையத்தில் 38.8 டிகிரி. திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஏப்ரல் மாதத்தில் ஸ்பெயினின் பிரதான நிலப்பகுதி அதுவரை கண்டிராத வெயில். மே முதல் வாரத்துக்கென்று கணக்கிட்டு வளர்த்த மொட்டு ஏப்ரலிலேயே விரிந்து உதிர்ந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? நாற்றுப் பண்ணையிலிருந்து பூத்த செடிகளை வாங்கி வைக்கலாம். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தாமே பதியம் போட்டு வளர்ப்பவர்கள் அவர்களைப் பற்றிச் சொல்வது மரியாதையான வார்த்தைகளில் இல்லை. 2020 மே மாதத்தில் கோவிட் காரணமாகக் கதவுகள் திறக்கவேயில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் திறந்தன. பூக்களும் நிறங்களும் வேறு. ஆனாலும் கதவு திறந்ததே பெரிதாக இருந்தது.

ஒண்டுக்குடித்தனத்தை வேறு விதமாக மீட்க முடியுமா என்று பார்க்கும் முயற்சி ஒன்றும் நடக்கிறது. பழைய நகரின் கிழக்குப் பகுதிக்கு அஹெர்கியா என்று பெயர். 'கிழக்குப் பக்கம்' என்ற அரபுச் சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. இங்கே காலியாகக் கிடக்கும் முற்ற வீடுகளைக் கூட்டுறவு முறையில் பலர் சேர்ந்து எடுத்துப் புதுப்பித்து அங்கேயே குடியிருப்பது என்பது 'அஹெர்கியாவின் முற்றங்கள்' என்ற அமைப்பின் திட்டம். இதை ஆரம்பித்தவர்களில் கட்டடக் கலைஞர்களும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை. முற்றம் மட்டும் பொது. நகரம் முழுவதற்கும் இது மருந்தாகுமா என்பது வேறு விஷயம். ஆனால் தொட்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, குடியிருப்பவர்களிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அஹெர்கியா பக்கம் போவதற்கு வேறு காரணமும் உண்டு. ஸாந்தா மரீனா, ஸான் லொரென்ஸோ பேட்டைகளில் கூட்டம் குறைவு. மர்ரோக்கியேஸ் தெருவில் ஒரு பழைய ஒண்டுக்குடித்தனம் கிட்டத்தட்ட முழுசாக மிஞ்சியிருக்கிறது. ஒரே முற்றம் அல்ல. வெள்ளைச் சுவர்களுக்கிடையே வளைந்து போகும் சந்துகள், சிறு சிறு வீடுகள், பொதுச் சமையலறை இருந்த இடம், துவைக்கும் தொட்டிகள். பழைய அறைகளில் சில இப்போது கைவினைஞர்களின் பட்டறைகள். பூக்களைப் பார்த்து வியப்பதோடு நிற்காமல், இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று புரிந்துகொள்ள விரும்புபவர் ஒரே ஒரு முற்றத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்க்கலாம்.

அதற்கு நேர் எதிர் வியானா அரண்மனை. பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை, இப்போது அருங்காட்சியகம். 12 முற்றங்கள், போதாதென்று ஒரு தோட்டம். நீரூற்று, வெட்டி ஒழுங்கு செய்த செடிகள், அளந்து விழும் நிழல். கட்டணம் உண்டு. அழகில் குறை சொல்ல எதுவுமில்லை. பன்னிரண்டாவது முற்றத்துக்கு வரும்போது முதல் முற்றம் மறந்துபோயிருக்கும், அவ்வளவுதான். தபால் அட்டைக்காரர்களுக்குப் பிரியமான 'பூக்களின் சந்து' மசூதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீலத் தொட்டிகளுக்கு நடுவே மசூதியின் கோபுரம் தெரியும் படத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடலாம்.

மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. செவீயாவிலிருந்து முக்கால் மணி நேரம். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளே அதிகம். அப்படிச் செய்யாமல் ஓர் இரவாவது தங்குவது நல்லது. முடிந்தால் வார நாளாகப் பார்த்து வர வேண்டும். மாலையில் கடைசி ஒரு மணி நேரத்தில், வெளியூர்ப் பேருந்துகள் போன பிறகு, வரிசை கரைந்துவிடும். விளக்கு ஏற்றுவார்கள். இரவு ராணி மணக்க ஆரம்பிக்கும். அக்கம்பக்கத்தவர்கள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்காருவார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர்களுக்குப் பேசவும் மனம் வரும். எந்தச் செடி யார் கொடுத்த தண்டிலிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் பத்து மணி ஆகிவிடும். அவர்களுக்குச் செடியைவிட, கொடுத்தவரின் பெயர்தான் நன்றாக நினைவிருக்கிறது.

மே மாதத்தில் வர முடியாதவர்களுக்கு வியானா அரண்மனை மற்ற மாதங்களிலும் திறந்திருக்கும். முற்றங்களின் நண்பர்கள் சங்கத்தின் வீட்டையும் ஆண்டின் பெரும்பகுதி பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் பிற்பகல் முழுவதும் கோர்தோபாவின் தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. முற்றத்துக்கு மேல் துணிப்பந்தலை இழுத்து மூடிவிட்டு, ஊர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்.